பூண்டியில் திருடிய மண்

பழனியில் மொட்டை போட்டுக்கொண்ட கையோடு கொடைக்கானல் மலைக்குப் போகக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தன் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பழனியில் முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டது என் பெண்சாதி. முடி மட்டும் என்னுடையது. இலங்கை வெலிமடையிலிருந்து கடல் கடந்து வந்து அதைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு அடிவாரத்துக் கடைத்தெருவில் நின்றேன். கையில் ஒரு டின் பஞ்சாமிர்தம்.

குல்லா வாங்க ஒரு கடையில் ஏறினேன். கடைக்கார பாய் என் தலையைப் பார்த்தார்.

"மலைக்குப் போறீங்களா?"

"பூண்டிக்கு."

"மன்னவனூருக்கு அங்கிட்டா? அப்ப இது பத்தாதுங்க. காதை மூடுறதா எடுத்துக்கங்க. அங்க யாரு இருக்கா?"

"பெரியம்மா மகன். பூண்டு போடுறார்."

"மலைப்பூண்டு போடுற வீட்டுக்கா போறீங்க?" பாய் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "அது விக்கிற விலைக்கு அவுகதானே உங்களுக்குக் குல்லா எடுத்துத் தரணும். நீங்க ஏன் சொந்தக் காசைச் செலவழிக்கிறீக?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரிலிருந்து கிளம்பும்போதே வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அதுதான்.

என் அம்மாவும் பெரியம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து, ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். இரண்டு அரசாங்கமும் தோட்டத்துச் சனங்களின் குடியுரிமையைப் பங்கு பிரித்தபோது பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது, எங்களுக்கு இலங்கை என்று வந்தது. அவர்கள் கப்பல் ஏறியபோது செல்வராசு அண்ணனும் நானும் கால்சட்டைப் பையன்கள். இங்கே வந்து கூலி வேலை பார்த்து, குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாகப் பூண்டியில் நிலம் வாங்கினார்கள். அங்கே என் அப்பா தோட்டத்து எல்லையில் கொஞ்சம் காணி வாங்கி எனக்கு விட்டுப்போனார். இரண்டு பேருமே மரக்கறி பயிரிடுகிறவர்கள் ஆனோம். அவன் போனில் அனுப்பும் படங்களில் எல்லாம் விளைந்து நிற்கும். நான் படமே அனுப்புவதில்லை.

என் காணி செத்துக்கொண்டிருந்தது. வெலிமடை டவுனில் ஒருவர் அதைக் கேட்கிறார், சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டுவதற்கு. கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். என் பெண்சாதிதான், "மொட்டை போட்டுட்டு அப்படியே பூண்டிக்காரர் எப்படிச் செய்யுறாருன்னு பார்த்துட்டு வாங்க. அதுக்குப் பொறகு பதில் சொல்லுங்க" என்றாள். ஆக, போனது மொட்டைக்கு மட்டுமல்ல.

கொடைக்கானல் பஸ் பாதி மலையில் நின்றுவிட்டது. முன்னால் போன ஒரு லாரியின் நாற்றத்தைத் தாங்காமல் எல்லோரும் ஜன்னலை மூடிக்கொண்டு திட்டிக்கொண்டே வந்தோம். திட்டி முடிப்பதற்குள் எங்கள் பஸ்ஸிலிருந்தே புகை வந்தது. கண்டக்டர் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வண்டி வரும், ஏறிக்கங்க" என்றார். எப்போது என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் பஸ் நின்றால் கண்டக்டரையாவது நாலு வார்த்தை கேட்போம். இங்கே எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து முறுக்கைப் பிரித்தார்கள்.

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"முன்னாடி ஒரு லாரி நாறிக்கிட்டுப் போச்சா?" என்றான்.

"போச்சு."

"அது நமக்கு வர்ற லோடுதாம்லே. ஆட்டுப்புழுக்கை. டிரைவரை நிறுத்தச் சொல்றேன், நீ வெரசா நடந்து போய் ஏறிக்க."

இரண்டு வளைவு தாண்டி லாரி நின்றிருந்தது. முன்னால் இடமில்லை. "மேல ஏறிக்கங்கண்ணே. காஞ்ச புழுக்கைதான், மெத்தை கணக்கா இருக்கும்" என்றார் டிரைவர். மெத்தைதான். நாற்றம் கொஞ்ச தூரத்தில் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. கீழே சமவெளியில் ஆட்டுக்காரர்கள் சேர்த்துவைத்து, இவன் வீட்டுக்கு லாரி லாரியாக எரு மலையேறுகிறது. நான் ஒரு ட்ராக்டர் மாட்டுச் சாணிக்கு ஊரெல்லாம் அலைகிறேன். புழுக்கை மேல் உட்கார்ந்துகொண்டு புழுக்கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

கொடைக்கானல் டவுனுக்குள் ஏரிப் பக்கம் வண்டிகள் நெரிந்து லாரி நின்றது. எங்கள் நுவரெலியாவிலும் ஏரி, குதிரை, சோளக்கருது எல்லாம் உண்டு. இங்கே கூட்டம் மட்டும் பத்து மடங்கு. ஒரு காரிலிருந்து ஒரு பெண், மொட்டைத் தலையோடு எருவின் மேல் உட்கார்ந்திருந்த என்னைப் படம் எடுத்தாள். "சோ ஆர்கானிக்" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பூண்டி போய் இறங்கும்போது குல்லாவுக்குள்ளும் குளிர் ஏறியிருந்தது. அண்ணன் என்னை அணைத்துக்கொள்ளவில்லை. முதலில் லாரியைச் சுற்றி வந்தான். ஒரு கை புழுக்கையை அள்ளி நசுக்கி மோந்து பார்த்தான். பிறகுதான் என் பக்கம் திரும்பினான்.

"மொட்டை நல்லாத்தாம்லே இருக்கு. உள்ள வா. மதினி பிளேன்டீ போட்டு வச்சிருக்கா."

பால் ஊற்றாத தேத்தண்ணிக்கு இங்கே யாரும் பிளேன்டீ என்று சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் மட்டும் சொல்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மற்ற எதுவும் பிடிக்கவில்லை. வீட்டின் அளவு பிடிக்கவில்லை. பரண் முழுக்கத் தொங்கிய பூண்டுக் கொத்துகள் பிடிக்கவில்லை.

மதினி பூண்டை முழுசு முழுசாகப் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். அவ்வளவு பூண்டை எங்கள் வீட்டில் ஒரு மாதம் வைத்திருப்போம். கூட உருளைக்கிழங்குப் பொரியல். அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கினான்.

"கடைக் கெழங்கு. கோல்டு ஸ்டோரேஜ்ல கெடந்தது. சோப்பு மாதிரி வழுக்கும். நீ இன்னும் செவப்புத் தோலு கெழங்குதான் போடுறியாலே?"

"கொஞ்சம்."

"அவிச்சா வெடிக்குமா?"

"வெடிக்கும். விளைஞ்சாத்தானே."

"மாவா வருமா?"

மூன்று தடவை கேட்டான். கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். பூண்டுக்காரன் கிழங்குக்காரனைக் கேட்டால் வேறு எதற்குக் கேட்பான்?

மறுநாள் வெள்ளனே எழுப்பிக் காட்டுக்குக் கூட்டிப்போனான். படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக நிலம். ஒரு அடுக்கில் பூண்டு, ஒன்றில் கேரட், ஒன்றில் பட்டாணி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பூண்டு வரிசைக்கு நடுவில் குனிந்து மண்ணுக்குள் கையை விட்டேன். மணிக்கட்டுவரை போனது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் இல்லை. என் காணியில் மம்பட்டி போட்டால் செங்கல்லில் போட்ட மாதிரி கை வலிக்கும்.

என் மண் ஏன் அப்படி ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூட்டை உரத்தைத் தவிர வேறு தெரியாமல் வளர்ந்தவன் நான். ஒரு வருஷம் எங்கள் அரசாங்கம் ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியது. இனி எல்லாம் இயற்கை என்றார்கள். எருவுக்கு எங்கே போவது? கோழிப் பண்ணைக் கழிவை மக்கவைக்காமல் பச்சையாக அள்ளிக் கொட்டினேன். லீக்ஸ் பயிரெல்லாம் மஞ்சளாகி, கருகி, அழுகிப் போனது. பிறகு உரம் திரும்ப வந்ததும் விட்டதையெல்லாம் பிடிக்கிற வெறியில் யூரியாவை அள்ளி வீசினேன். கிழங்குச் செடியில் இலை மட்டும் பச்சையாக நின்றது. கீழே ஒன்றுமில்லை.

இதை அண்ணனிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வான் என்று எதிர்பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"நீ ஒரு கிறுக்கன்லே. ஒண்ணு இந்தப் பக்கம் விழுவே, இல்லேன்னா அந்தப் பக்கம் விழுவே. இங்கயும் ரெண்டு கூட்டம் கெடக்கு. டவுன்ல இருந்து ஜீப்புல ஒருத்தர் வருவாரு, 'மூட்டையே ஆகாது, மண்ணு அழுவுது'ம்பாரு. உரக்கடைக்காரரு, 'எருவுல என்னங்க சத்து இருக்கு, வெறுங் குப்பை'ம்பாரு. ரெண்டு பேருக்கும் டீ குடுத்து அனுப்பிட்டு நான் என் சோலியைப் பாப்பேன்."

"உன் சோலி என்னா?"

"மூணும் போடுறது. வெறும் புழுக்கை போட்டா பூண்டு பல்லு சிறுத்துப் போகும். வெறும் மூட்டை போட்டா மழையில பாதி ஓடைக்குப் போயிரும். புழுக்கை இருந்தாத்தான் மண்ணு மூட்டை உரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பட்டாணியை மடக்கி உழுதா யூரியாவைப் பாதி குறைக்கலாம். குறைச்சதைத்தான் நாலு தடவையாப் பிரிச்சுப் போடுவேன்."

இதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான். பக்கத்து அடுக்கில் களை எடுத்துக்கொண்டிருந்த கூலிக்கார அம்மா, "ஆரம்பிச்சுட்டாரா? நேத்துத்தான் பால்காரருக்குச் சொல்லி முடிச்சாரு" என்றாள்.

அதற்கடுத்த நாள் அவன் பட்டாணிக் காட்டை மடக்கி உழுதான். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காய் பிடிக்கப்போகிற செடி. பூவோடு, பச்சையாக, பவர் டில்லர் அதை நசுக்கி மண்ணுக்குள் புரட்டிக்கொண்டு போனது. நான் ஓடிப்போய் டில்லர் முன்னால் நின்றேன்.

"காயைப் பறிச்சுட்டாவது உழு."

"காய் புடிச்சா சத்தெல்லாம் காய்க்குப் போயிரும். இப்ப உழுதாத்தான் மண்ணுக்கு. தள்ளுலே."

"சாப்பிடுற பொருளை இப்படிச் செய்ய உனக்குக் கை வருதே. வசதி வந்தா எல்லாம் வரும்."

அவன் டில்லரை நிறுத்தினான். "மதினிக்குத் தனியா ஒரு பாத்தி விட்டிருக்கேன், நீ ரெண்டு நாளா அதைத்தான் குருமாவுல திங்கிற" என்றான். பிறகு ஒரு செடியைப் பிடுங்கி வேரை என் கையில் வைத்தான். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு. ஒன்றை நகத்தால் நசுக்கினான். உள்ளே இளஞ்சிவப்பு. "இது இருந்தாத்தான் பட்டாணி மண்ணுக்கு ஒதவும். புது நெலத்துல பட்டாணி போட்டா, பழைய பட்டாணிக் காட்டு மண்ணைக் கொஞ்சம் வெதையோட பெசறித்தான் போடுவோம். இந்த முடிச்சுக்கு வேண்டியது மண்ணுலதான் இருக்கு."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வித்தை மண்ணில் இருக்கிறது. அவன் கெட்டிக்காரனும் இல்லை ஒன்றும் இல்லை, அவனுக்குக் கிடைத்த மண் அப்படி.

சாயங்காலம் கேட்டேன். "எனக்கு ஒரு பை மண்ணு குடு. ஊருக்குக் கொண்டு போறேன்."

அவன் முகம் மாறிவிட்டது. "மண்ணு மட்டும் கேக்காத."

"ஒரு பைதானே."

"ஒரு பிடிகூடத் தர மாட்டேன். வேற என்ன வேணாலும் கேளு. பூண்டு ஒரு மூட்டை எடுத்துட்டுப் போ."

பூண்டு ஒரு மூட்டை. பிச்சைக்காரனுக்குப் போடுகிற மாதிரி. மதினி சாப்பிடக் கூப்பிட்டாள், பசியில்லை என்று படுத்துவிட்டேன். குல்லாவுக்குள் தலை குளிர்ந்தது, வயிறு எரிந்தது. ஒரு லயத்தில் பிறந்தவன், ஒரு பிடி மண்ணுக்குக் கணக்குப் பார்க்கிறான்.

விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். பஞ்சாமிர்தத்தை மதினியின் அடுக்களையில் ஒரு கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டு, டின்னைக் கழுவித் துடைத்து, காட்டுக்குப் போனேன். பட்டாணி உழுத மண்ணை அமுக்கி அமுக்கி நிரப்பி மூடினேன். ஏர்போர்ட்டில் கேட்டால் முருகன் பிரசாதம் என்று சொல்வதாகத் திட்டம். திரும்பினால் மேல் அடுக்கில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"மூடியைத் தொற" என்றான்.

நான் திறக்கவில்லை. "என்னா செய்வே? போலீஸ்ல சொல்லுவியா? உன் அம்மாவும் என் அம்மாவும்..."

"ஏலே, வாயை மூடிட்டு மேல வா."

மேல் அடுக்கின் மூலையில், பாறை ஓரத்தில், ஒரே ஒரு உருளைக்கிழங்குச் செடி நின்றது. யாரும் போட்டதில்லை, பழைய கிழங்கு ஏதோ தானாக முளைத்தது. மஞ்சள் பாய்ந்து, வெயிலே இல்லாத நேரத்தில் வாடிக் கிடந்தது. அண்ணன் அதைப் பிடுங்கினான். கிழங்கு கோலிக்குண்டு அளவு. வேரை என் கண்ணுக்கு நேரே பிடித்தான். கடுகைவிடச் சின்னதாக, வெள்ளையும் மஞ்சளுமாய் மணி மணியாக ஒட்டியிருந்தது.

"இதுவும் முடிச்சா?" என்று கேட்டேன்.

"இது பட்டாணி முடிச்சு இல்லலே. நூற்புழு. ஒவ்வொரு மணியிலயும் முட்டை. வருசக்கணக்கா மண்ணுல சாகாமக் கெடக்கும். கெழங்கு போட்டவொடனே முழிச்சுக்கும்." செடியை அங்கேயே போட்டுவிட்டுக் கையைத் தட்டினான். "அப்பா இந்த நெலம் வாங்குனதே கெழங்கு போடத்தான். எல்லாத்தையும் இது தின்னுருச்சு. கெழங்கை விட்டுட்டுப் பூண்டு போடு, பட்டாணி போடு, அதெல்லாம் இது திங்காதுன்னு சொன்னாங்க. வேற வழியில்லாமத்தான் பட்டாணி வந்துச்சு இங்க. நான் என்ன ஆசைப்பட்டா போட்டேன்?"

நான் டின்னைப் பார்த்தேன்.

"உங்க பக்கம் இது இருக்கா?"

"நுவரெலியாப் பக்கம் கேள்விப்பட்டிருக்கேன். எங்க காணியில இல்லை."

"அந்த டின்னை நீ கொண்டு போயிருந்தா இருந்திருக்கும். ஒன்னோட நிக்காது. தண்ணியில போகும், மம்பட்டியில போகும், செருப்புல போகும்."

டின்னை வாங்கி மண்ணைக் கொட்டினான். வீட்டுக்கு வந்ததும் என் செருப்பைக் கழற்றச் சொன்னான். வாளியில் தண்ணீர் வைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தான். அடிப்பாகத்துக் கோடுகளில் இருந்த மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தான். மூத்தவன் என் செருப்பைத் தேய்க்கிறான். "குடு, நான் செய்யுறேன்" என்றேன். "நீ ஒழுங்காத் தேய்க்க மாட்டே" என்றான். வெளியூர் ஆள் யார் காட்டுக்குள் இறங்கினாலும் இப்படித்தான் கழுவி அனுப்புவானாம். மதினி சொன்னாள். என் டின்னையும் அவனே கழுவினான்.

தேய்த்துக்கொண்டே, நிமிராமல் கேட்டான். "அந்தக் கெழங்கைச் சுட்டா இப்பவும் தோலு தானா கழண்டு வருமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த நாளிலிருந்து அவன் கேட்டது கிண்டல் இல்லை. எனக்கு அவன் மண் வேண்டியிருந்தது. அவனுக்கு என் கிழங்கு. இத்தனை வருஷம் நான் ஒருவன்தான் எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

"வரும்" என்றேன்.

"ம்" என்றான். அடுத்த செருப்பை எடுத்தான். "வேலியில பீன்ஸ் படர விட்டிருக்கியா?"

"போஞ்சியா? அது சமையலுக்கு, என் பெண்சாதி போடுறது."

"ஊருக்குப் போனதும் பூக்குற செடி ஒண்ணைப் புடுங்கிப் பாரு. அறுத்துப் போட்டுறாத, வேரோட புடுங்கு. முடிச்சு இருந்தா ஒனக்கு எங்க மண்ணு எதுக்கு? போஞ்சியையே மடக்கி உழு. சாணியை மக்கவச்சுப் போடு, கிறுக்கன் மாதிரி பச்சையாக் கொட்டாத. மூட்டையைக் குறை, நிறுத்தாத."

ஊருக்கு வந்து பையைக்கூட இறக்காமல் வேலிப் பக்கம் போனேன். ஒரு போஞ்சிச் செடியைப் பிடுங்கினேன். மண் இறுகி, வேர் பாதி அறுந்துதான் வந்தது. வந்த பாதியில் முடிச்சு இருந்தது. நிறைய இல்லை. நகத்தால் நசுக்கினேன். இளஞ்சிவப்பு. இத்தனை வருஷமும் இந்தச் செடிகளைக் காய் முடிந்ததும் பிடுங்கி ரோட்டோரத்தில் எறிந்திருக்கிறேன்.

டவுன்காரரிடம் காணியைத் தருவதாக இல்லை என்று சொன்னேன். அவர் காரணம் கேட்டார். "போஞ்சி போடப் போறேன்" என்றேன். மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஒரே போகத்தில் எதுவும் மாறிவிடவில்லை. பூத்த போஞ்சியை மடக்கி உழும்போது என் பெண்சாதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்துப் போட்ட கிழங்கு போன தடவையைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் தோண்டும்போது மம்பட்டி உள்ளே இறங்கியது. கையை விட்டுப் பார்த்தேன், மணிக்கட்டுவரை போகவில்லை. விரல்வரை.

அன்றைக்கே நாலு கிழங்கை அடுப்புத் தணலில் போட்டுச் சுட்டு, அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். அவன் காட்டில் நின்றான். பின்னால் பூண்டு, இடுப்பளவு பட்டாணி, எல்லாம் செழிப்பாக. பார்த்ததும் பழைய எரிச்சல் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். நான் ஒரு கிழங்கை எடுத்துப் போன் பக்கத்தில் பிடித்தேன்.

அவன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"பிச்சுக் காட்டுலே" என்றான்.

பிய்த்தேன். தோல் தானாகக் கழன்றது. மாவு வெடித்து, ஆவி எழும்பிப் போனை மூடிவிட்டது.

"ஒண்ணும் தெரியல. தொடச்சுட்டுக் காட்டு, வெரசா."

நான் அவசரப்படவில்லை. முதலில் ஒரு வாய் தின்றேன்.